வேகத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம்

சென்னையிலிருந்து பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போகிறவர்கள் பூந்தமல்லியைத் தாண்டிச் சிறிது நேரத்தில் இருங்காட்டுக்கோட்டையைக் கடக்கிறார்கள். அங்கே கண்ணில் படுவது ஹூண்டாய் ஆலையும் சிப்காட் வளாகமும்தான். அந்த ஆலை 1998-இல் கார் தயாரிக்கத் தொடங்குவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1990-இல், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதே ஊரில் ஒரு பந்தயத் தடத்தைத் திறந்துவிட்டது. நீளம் 3.717 கிலோமீட்டர், திருப்பங்கள் 12. கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே வரும்வரை, இந்தியாவில் பந்தயத்துக்கென்றே கட்டிய நிரந்தரத் தடம் என்று சொல்ல இது ஒன்றே இருந்தது. இதன் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் யார் வென்றார், எந்த வண்டி முந்தியது என்றே எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. நம் பக்கத்தில் வேகம் சீக்கிரம் வந்துவிட்டது. வேகத்துக்கு முன் செய்ய வேண்டிய ஆயத்தம் வந்துசேரத்தான் பல பத்தாண்டுகள் ஆயின. தடம் நமக்குத் தந்த பெரிய கொடை அந்த ஆயத்தமே. அது பந்தய வீரர்களோடு நின்றுவிட்டது என்பதுதான் நம் குறை.

கிளப் 1953-இல் தொடங்கியபோது அதற்கென்று தடம் கிடையாது. இரண்டாம் உலகப் போருக்காகப் போடப்பட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில்தான் 1980-களின் இறுதிவரை ஆண்டுதோறும் பந்தயம் நடந்தது. இன்று சோழவரம் திருவள்ளூர் மாவட்டம். ஆனால் 1997 வரை அது பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்துக்கு 1968 முதல் காஞ்சிபுரமே தலைநகர். ஆக, பழைய தடமும் புதிய தடமும் காஞ்சிபுரத்து ஆட்சியரின் எல்லைக்குள் இருந்தவையே. பல்லாயிரம் பேர் வெயிலில் நின்று பார்த்த திருவிழா அது. விஜய் மல்லையா ஃபார்முலா ஒன் காரை அங்கே ஓட்டியதை இன்றும் பழைய ரசிகர்கள் பேசுவார்கள். புல்லட், யெஸ்டி, ராஜ்தூத் 350, ஆர்எக்ஸ் 100 என்று சாலையில் ஓடிய வண்டிகளே அங்கும் ஓடின. ஓடுதளம் என்பது விமானம் நேராக ஓட அமைத்தது. அதில் திருப்பங்களைச் செயற்கையாக வகுத்தார்கள். வண்டி சறுக்கினால் அதை வாங்கிக்கொள்ள ஜல்லிப் படுகை இல்லை. இடம் ராணுவத்துடையது என்பதால் நிரந்தரமாக எதையும் கட்டவும் முடியாது. நேர்கோட்டில் முறுக்கு, கடைசியில் பிரேக்கைப் பிடி என்பதே அங்கு அதிகம் பலித்த கலை. டயரைப் பற்றி யோசிக்க அந்த இடம் ஓட்டுநரை அதிகம் கட்டாயப்படுத்தவில்லை. அன்றைய டயர்களும் அப்படித்தான்: நைலான் இழைகளைக் குறுக்குநெடுக்காக அடுக்கி, தேய்மானம் குறைவதற்காகக் கடினமான ரப்பரில் செய்தவை. பிடிப்பைவிட உழைப்பே அவற்றின் பெருமை.

இருங்காட்டுக்கோட்டை இந்தக் கணக்கை மாற்றியது. பன்னிரண்டு திருப்பங்கள் இருக்கும் தடத்தில் நேர்கோட்டு வேகம் பாதிக் கதைதான். வண்டியைச் சாய்த்தால்தான் மீதிக் கதை. சாய்ந்த பைக்குக்கும் தரைக்கும் இடையே இருப்பது உள்ளங்கை அகலத் தொடுபரப்பு. பந்தய வண்டிகளைப் பரிசோதிக்கும் இடம், கொடி காட்டும் மார்ஷல்களின் சாவடிகள், மருத்துவ வசதி ஆகியவை தடத்தோடு சேர்ந்தே நிலைபெற்றன. 1994 முதல் நடந்துவரும் டிவிஎஸ் ஒன் மேக் பந்தயத்தை இங்கே முக்கியமான சான்றாக வைக்கிறேன். அதில் எல்லோருக்கும் ஒரே வகை பைக். இன்ஜினில் யாருக்கும் சலுகை இல்லை என்னும்போது ஓட்டுநரின் திறமையும் ஆயத்தமும் மட்டுமே வித்தியாசம்: காற்று எவ்வளவு, செயின் எவ்வளவு தொய்வு, பிரேக் எப்படிக் கடிக்கிறது, முதல் சுற்றில் டயரை எவ்வளவு நம்பலாம். சென்னைப் பையன்கள் பந்தயக் கல்வியைக் கற்றது இப்படிப்பட்ட வகுப்பறையில்தான். அந்தச் சென்னையிலிருந்து கிளம்பிய பைக் பந்தய வீரர் சரத் குமார் 2011-இல் உலக கிராண்ட் ப்ரீ 125 சிசி பிரிவில் ஓட்டினார்.

டயரைச் சூடாக்குவது இந்த ஆயத்தத்தின் மையம். அதில் தவறான நம்பிக்கைகள் நிறைய உலவுவதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ரப்பர் குளிர்ந்திருக்கும்போது இறுகியிருக்கும். தார்ப்பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்கிக் கவ்வாது. அதற்கென்று வகுத்த வெப்பநிலைக்கு வந்ததும் இளகிக் கவ்வுகிறது. அளவு மீறிச் சூடானால் மேற்பரப்பு குழைந்து மறுபடி வழுக்குகிறது. சூடு முக்கியமாக எங்கிருந்து வருகிறது? தரையில் உரசுவதிலிருந்து என்றே பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி டயர் நசுங்கி விரிவதிலிருந்து வருகிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் தரையைத் தொடும் பகுதி அமுங்கி மீள்கிறது. கொடுத்த ஆற்றல் முழுவதும் திரும்பாமல் ஒரு பங்கு ரப்பருக்குள் வெப்பமாகத் தங்குகிறது. ஆகவே வண்டியை இடமும் வலமுமாகப் பாம்புபோல் ஆட்டினால் டயர் சூடேறும் என்பது பைக்கைப் பொறுத்தவரை பெரிதும் வீண் நம்பிக்கை. குளிர்ந்த டயரில் சாய்ப்பது விழுவதற்கான வழியும்கூட. வண்டி நிமிர்ந்திருக்கும்போது உறுதியாக முறுக்குவதும் உறுதியாகப் பிரேக் பிடிப்பதுமே உள்ளிருந்து சூடேற்றும். இன்னொன்றும் உண்டு. வலப்பக்கத் திருப்பங்களே தொடர்ந்து வந்தால் டயரின் இடப்பக்கம் ஆறிவிடும். அடுத்து வரும் முதல் இடத் திருப்பத்தில் வண்டி கைவிடும். ஜெர்மனியின் சாக்ஸென்ரிங் தடத்தில் 10 இடத் திருப்பங்களும் 3 வலத் திருப்பங்களும்தான். அங்கே நெடுநேரம் இடப்பக்கமே சாய்ந்துவிட்டு வரும் பதினோராவது திருப்பத்தில், உலகின் தலைசிறந்த ஓட்டுநர்கள் பலர் விழுந்திருக்கிறார்கள்.

பந்தயக்காரர்கள் இதற்குக் கண்ட வழி டயர் வார்மர். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, இரு சக்கரங்களையும் மின்கம்பி தைத்த போர்வையால் சுற்றி, 80 டிகிரி அளவில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வைப்பார்கள். மேல்தோல் மட்டும் சூடானால் போதாது, ரிம் வரை சூடு இறங்க வேண்டும் என்பதாலேயே இந்த ஒரு மணி நேரம். அதன் பிறகே காற்றழுத்தத்தைச் சரிசெய்வார்கள், ஏனெனில் சூடு ஏறினால் அழுத்தமும் ஏறும். காலையில் 30 டிகிரியில் 30 பிஎஸ்ஐ வைத்த டயர் 70 டிகிரிக்கு வந்தால் கிட்டத்தட்ட 36-ஐத் தொடும். பஞ்சர் கடையில் ஒரு முறை காற்றடித்துவிட்டு மாதக்கணக்கில் மறந்துபோகிற நமக்கு இந்த ஆறு புள்ளி அற்பமாகத் தோன்றலாம். மோட்டோஜிபியில் 2023-இல் முன் டயருக்குக் குறைந்தபட்சம் 1.88 பார் என்று விதித்து, அதை மீறுகிறவர்களுக்குத் தண்டனையும் வைத்தார்கள். அவ்வளவு நுணுக்கமான விஷயம் இது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். காஞ்சிபுரம் மாவட்டத்து வெயிலில் தார் தானே கொதிக்கிறது. டயரை வேறு சூடாக்க வேண்டுமா? பாதி உண்மை. டிராக் டேக்கு, அதாவது சாதாரண ஓட்டுநர்கள் தங்கள் வண்டியைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, சாலை டயரோடு முதன்முறை வருகிறவருக்கு நம் ஊரில் வார்மர் வேண்டியதில்லை என்றே நானும் சொல்வேன். சாலை டயர்கள் குறைந்த சூட்டிலேயே வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. ஆனால் வெயில் மேற்பரப்பைத்தான் சுடுகிறது. டயரின் உள்ளடுக்கும் அதற்குள் இருக்கும் காற்றும் ஓட்டத்தில்தான் சூடேறும். மணிக்கு 110 கி.மீ. சராசரியில் போனால் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம். முதல் இரண்டு மூன்று சுற்றுகளை அவசரப்படாமல் ஓட்டினால் வார்மர் செய்யும் வேலையைத் தடமே செய்துவிடும். மறுபக்கச் சான்றையும் பார்க்க வேண்டும். உலக நீண்டதூரக் கார் பந்தயத்தில் 2023 தொடக்கத்தில் வார்மரைத் தடை செய்தார்கள். குளிர்ந்த ஸ்பா தடத்தில் ஆறிய டயரோடு வெளியே வந்த கார்கள் மோதியதும், அந்த ஆண்டு லெ மான் பந்தயத்துக்கு மட்டும் தடையைத் தளர்த்தினார்கள். அமெரிக்க இண்டிகார் பந்தயத்திலோ வார்மர் கிடையாது. பிட்டிலிருந்து வெளிவரும் சுற்றில் குளிர்ந்த டயரைச் சமாளிப்பதே அங்கு ஒரு திறமை. ஆக, போர்வை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். டயர் தயாராகும்வரை பொறுப்பது மட்டும் இல்லாமல் முடியாது.

முதல் டிராக் டேயின் மற்ற ஆயத்தங்களும் இதே பொறுமையின் பகுதிகள்தான். கண்ணாடியைக் கழற்றுவது அல்லது டேப் ஒட்டி மறைப்பது, விளக்குகளில் டேப் ஒட்டுவது, சைடு ஸ்டாண்டைக் கழற்றுவது எல்லாம் விழுந்தால் பின்னால் வருகிறவருக்குத் தீங்கு வராமலிருக்க. கூலன்டை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றச் சொல்வதும் அதற்கே. கூலன்டில் உள்ள கிளைக்கால் தரையில் சிந்தினால் எண்ணெய்போல் வழுக்கும். என் உடல், என் வண்டி, என் துணிச்சல் என்று பேசுகிறவர்களுக்கு இந்த விதிகளில் பதில் இருக்கிறது. பாதி விதிகள் அடுத்தவருக்காக எழுதப்பட்டவை. தோல் உடை, முழுமுக ஹெல்மெட், முதுகுக் காப்பு, கொடிகளின் பொருளை விளக்கும் வகுப்பு ஆகியவை முடிந்த பிறகே வண்டியைத் தடத்தில் விடுவார்கள். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. கோயில் தேர் நிலையைவிட்டு அசையும் முன் சக்கரத்தையும் அச்சையும் பொதுப்பணித் துறைப் பொறியாளர் பார்த்துத் தகுதிச் சான்று தர வேண்டும். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் இடத்தில் நிற்க வேண்டும். அதன் பிறகே வடம் பிடிப்பார்கள். நடை வேகத்தில் போகும் தேருக்கு அத்தனை ஆயத்தம் செய்யும் ஊர், 150 கி.மீ. வேகம் போகும் பைக்கை அடுத்த நிமிடமே முறுக்கிக் கிளப்ப இளைஞர்களை விட்டுவிடுகிறது என்பதுதான் வருத்தம்.

தடம் ஆபத்தற்றது என்று நான் சொல்ல வரவில்லை. 2023 ஜனவரியில் இதே இருங்காட்டுக்கோட்டையில் மூத்த கார் பந்தய வீரர் ஒருவரும், அதே ஆண்டு ஆகஸ்டில் பைக் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவனும் உயிரிழந்தார்கள். அந்தச் சிறுவனின் மரணம் எந்த வயதில் எந்த வண்டியில் ஏற்றலாம் என்ற கேள்வியை எழுப்பியது. அதை மழுப்பக் கூடாது. ஆனால் அவை போட்டியில் நேர்ந்தவை. அனுபவத்துக்கேற்பப் பிரிவுகளாக ஓட்டுவதும், முந்துவதற்குக் கட்டுப்பாடு வைப்பதும், பயிற்சியாளர் பின்னால் முதல் சுற்றுகளைப் போவதுமாக நடக்கும் டிராக் டே வேறு வகை. தடத்தில் ஓட்டப் பழகியவன் சாலையிலும் பறப்பான் என்ற அச்சத்துக்கும் பதில் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2023 செப்டம்பரில் தடத்தையொட்டிச் செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் அருகே, வீலிங் செய்து விழுந்த யூடியூபர் ஒருவரின் ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு ரத்தானது. எதிரில் லாரி வராத, கொடி காட்டி நிறுத்த ஆள் இருக்கிற இடம் அதே சாலையின் ஓரத்தில் 1990 முதல் இருந்துவருகிறது. நெடுஞ்சாலையில் அந்த வித்தை காட்டத் தூண்டும் ஆசை, தடம் இல்லாத ஊர்களிலும் இருக்கிறது.

கடைசியாகச் செலவு. இந்த மறுப்பு வலுவானது. தோல் உடை, தடக் கட்டணம், வண்டியை ஏற்றிவரும் வாடகை எல்லாம் சேர்ந்தால் நெசவாளர் வீட்டுப் பையனுக்கோ ஆலையில் ஒப்பந்த வேலை பார்ப்பவருக்கோ எட்டாது. இத்தனைக்கும் இந்த மாவட்டம் பைக்கும் டயரும் விளையும் பூமி. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு ஆலைகள், வல்லம் வடகாலில் யமஹா, ஒரகடத்தில் அப்பல்லோ டயர், ஸ்ரீபெரும்புதூரை ஒட்டி ஜேகே டயரும் சியட்டும். வண்டிகளைச் சோதிக்கும் மத்திய அரசின் ஆய்வு மையமும் ஒரகடத்தில் இருக்கிறது. அந்த ஆலைகளில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு, தங்கள் கையால் செய்த டயர் எந்தச் சூட்டில் கவ்வுகிறது என்று உணரும் வாய்ப்பு இல்லாதிருப்பது நியாயமில்லை. நிறுவனங்கள் புது பைக்கோடு ஒரு நாள் தடப் பயிற்சியையும் தரட்டும். உடைகளை வாடகைக்கு வைக்கட்டும். போக்குவரத்துத் துறை அந்தப் பயிற்சிக்குச் சான்றிதழ் மதிப்பு கொடுக்கட்டும். அதுவரை, எப்படியோ காசு சேர்த்து முதன்முறை இருங்காட்டுக்கோட்டைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: காலையில் காற்றழுத்தத்தை அளந்து எழுதி வையுங்கள், ஓட்டி வந்ததும் மறுபடி அளந்து பாருங்கள், முதல் மூன்று சுற்றுகளில் யார் முந்தினாலும் முந்தட்டும் என்று விட்டுவிடுங்கள்.