சிப்பிகாட்டில் ஒரு லாரிக் கணக்கு

நாமக்கல்லில் லாரிக் கணக்கு கிலோமீட்டரில் ஓடும். இங்கே அது காத்திருப்பில் ஓடுகிறது.

1970களில் போட ஆரம்பித்த அந்தமான் டிரங்க் ரோடு ஜாரவா காட்டை ஊடுருவிப் போகிறது. 2002ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை மூடச் சொல்லியும் வண்டிகள் ஓடின. ஜிர்காடாங் கேட்டில் கான்வாய் கிளம்பும்வரை நிற்கணும். நடுக்காட்டில் நிறுத்தக்கூடாது. (ஜாரவாக்களை நினைத்தால் இந்த விதிகளே போதாது என்பேன்.) அப்புறம் இரண்டு ஜலசந்திகளில் லாரியையே படகில் ஏற்ற வேண்டியிருந்தது, 2020ல்தான் ஹம்ப்ரே ஜலசந்தியில் பாலம் வந்தது. 2004 சுனாமியில் நிலம் தாழ்ந்து சிப்பிகாட் வயல்களிலேயே கடல் புகுந்தது.

லாரி நின்றாலும் டிரைவர் பேட்டா நிற்காது. ஒற்றை லாரியோடு தொழில் தொடங்குகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, காத்திருக்கும் நாளுக்கு டிரைவரிடம் என்ன பேசியிருக்கிறீர்கள் என்றுதான்.