ஃபேன்டசி கால்பந்தில் தடுப்பணி மதிப்பீடு

ஃபேன்டசி கால்பந்து என்பது, அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் ஆடும் வீரர்களைத் தேர்ந்து கற்பனை அணி ஒன்றை அமைத்து, அவர்கள் அந்தந்த வாரம் களத்தில் செய்வதைப் புள்ளியாக்கி ஆடும் போட்டி. இங்கே கால்பந்து என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. இங்கிலாந்தின் பிரீமியர் லீகை வைத்து ஆடும் ஃபேன்டசி வேறு. கற்பனை அணியின் இடங்கள் அநேகமாக ஆள் பார்த்து நிரப்பப்படுபவை: பந்தை வீசும் குவார்ட்டர்பேக், ஏந்தி ஓடுபவர், பிடிப்பவர், உதைப்பவர். ஓர் இடத்துக்கு மட்டும் ஆள் கிடையாது. ஏதாவது ஒரு என்எஃப்எல் அணியின் தடுப்பாட்டக்காரர்கள் அனைவரையும், உதை ஆட்டங்களுக்கென உள்ள சிறப்பு அணியையும் சேர்த்து ஒரே உருப்படியாக எடுக்க வேண்டும். லீகுகளில் இதை டி/எஸ்டி என்பார்கள், இக்கட்டுரையில் தடுப்பணி.

1962ல் ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணியின் பங்காளிகளில் ஒருவரான பில் விங்கன்பாக், நியூயார்க் விடுதி ஒன்றில் நண்பர்களுடன் உட்கார்ந்து இந்த ஆட்டத்துக்கு விதி வகுத்தார். முதல் லீக் 1963ல் ஓக்லாந்தில் தொடங்கியது. தனித்தனித் தடுப்பாட்டக்காரரைக் கணக்கெடுப்பது அக்காலத்தில் பெரும்பாடு. குவார்ட்டர்பேக்கை வீழ்த்தியவர் யார் என்ற கணக்கையே என்எஃப்எல் 1982லிருந்துதான் அதிகாரபூர்வமாக வைத்திருக்கிறது. மொத்த அணியையும் ஒரு சீட்டாக எடுக்கும் வழக்கம் வசதிக்காக வந்து நிலைத்துவிட்டது. அந்த வசதியிலேயே மதிப்பீட்டின் சிக்கலும் இருக்கிறது: பதினொரு பேரின் வேலையை ஒரே எண்ணாகப் பார்க்கிறோம். அந்த எண்ணில் பாதியை எதிரணிதான் எழுதுகிறது.

புள்ளிக் கணக்கு

தளத்துக்குத் தளம் விதி மாறும். பரவலாக உள்ளது யாஹூ பாணிக் கணக்கு. குவார்ட்டர்பேக் பந்தை வீசுமுன் அவரை மடக்கி வீழ்த்தினால் அது சாக், 1 புள்ளி. வீசிய பந்தை இடைமறித்துப் பிடித்தால் 2. எதிரணி நழுவவிட்ட பந்தை, அதாவது ஃபம்பிளை, கைப்பற்றினால் 2. பந்து வைத்திருப்பவரை அவரது சொந்த கோல் பகுதிக்குள்ளேயே மடக்கும் சேஃப்டிக்கும் தடுக்கப்பட்ட உதைக்கும் தலா 2. தடுப்பணியோ சிறப்பு அணியோ பந்தை எதிரணியின் கோல் பகுதிக்குள் கொண்டுபோய் டச்டவுன் அடித்தால் 6. இதற்கு மேல், எதிரணி எடுத்த புள்ளியைப் பொறுத்து ஒரு படிக்கட்டு: ஒன்றுமே கொடுக்காவிட்டால் 10, ஆறுக்குள் நின்றால் 7, 13 வரை 4, 20 வரை 1, 27 வரை பூஜ்யம், 34 வரை கழித்தல் 1, 35ஐத் தொட்டால் கழித்தல் 4. இஎஸ்பிஎன் தளம், எதிரணிக்குக் கொடுத்த யார்டுகளையும் கணக்கில் சேர்க்கிறது. எந்த லீகில் ஆடினாலும் இந்தப் பட்டியலை முதலில் படித்துவிட வேண்டும். அதைப் படிக்காமல் தரவரிசை பார்ப்பது வீண்.

படிக்கட்டின் விளிம்புகள் கொடூரமானவை. ஆட்டம் முடிவாகிவிட்ட கடைசி நிமிடத்தில், 27க்கு 6 என்று தோற்றுக்கொண்டிருக்கும் எதிரணி யாருக்கும் பயனில்லாத ஒரு டச்டவுன் அடித்தால் நிஜ ஆட்டத்தில் எதுவும் மாறாது. ஃபேன்டசியில் 7 புள்ளி 4 ஆகிவிடும்.

உயரமும் பள்ளமும் எவ்வளவு என்பதற்கு 2023ன் டல்லாஸ் கவ்பாய்ஸ் போதும். அந்தப் பருவத்தின் முதல் வாரத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸை அதன் சொந்த மைதானத்திலேயே 40க்கு 0 என்று நொறுக்கினார்கள். ஜயன்ட்ஸின் முதல் பந்துரிமையிலேயே ஃபீல்ட் கோல் உதை தடுக்கப்பட்டது. நோவா இக்பினோகினி பந்தை எடுத்து 58 யார்டு ஓடி டச்டவுன் அடித்தார். சற்று நேரத்தில், பிடிப்பவர் கையில் பட்டுத் தெறித்த பந்தை டேரான் பிளாண்ட் இடைமறித்து இன்னொரு டச்டவுன் அடித்தார். மொத்தம் 7 சாக், 2 இடைமறிப்பு. இவற்றோடு பூஜ்யத்துக்கான 10ஐயும் கூட்டினாலே 35. நல்ல குவார்ட்டர்பேக் ஒருவர் நல்ல நாளில் எடுப்பதைவிட அதிகம். நாலே வாரம் கழித்து அதே தடுப்பணி சான் ஃபிரான்சிஸ்கோவில் 42 புள்ளி கொடுத்துப் படிக்கட்டின் அடியில் கிடந்தது. இடையில் கவ்பாய்ஸின் தடுப்பாட்டக்காரர் டிரெவான் டிக்ஸ் பயிற்சியில் முழங்கால் தசைநார் கிழிந்து விலகியது உண்மைதான். ஆனால் பெரிய வித்தியாசம் எதிரே நின்றவர்கள்.

ஒரே அணி, இரண்டு பருவம்

நல்ல தடுப்பணி வேறு, ஃபேன்டசிக்கு நல்ல தடுப்பணி வேறு. இதை விளக்க சிகாகோ பேர்ஸ் அணியின் 2018, 2019 பருவங்களைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. 2018 பருவம் தொடங்கும் தறுவாயில் தடுப்பாட்டக்காரர் கலீல் மேக் வந்து சேர்ந்தார்; விக் ஃபான்ஜியோ தடுப்பாட்டத்தை நடத்தினார். 50 சாக், 27 இடைமறிப்பு, ஃபம்பிளையும் சேர்த்து மொத்தம் 36 பந்துப் பறிப்பு. கொடுத்த புள்ளி 283, லீகிலேயே குறைவு. அடுத்த ஆண்டு, ஃபேன்டசி லீகுகளில் வீரர்களைப் பங்கிட்டு எடுக்கும் டிராஃப்டில், தடுப்பணிகளில் பலரும் முதலில் கைவைத்தது பேர்ஸ் மீதுதான்.

2019ல் பேர்ஸ் கொடுத்தது 298 புள்ளி. ஓர் ஆட்டத்துக்கு ஒரு புள்ளிகூட ஏறவில்லை. லீகின் முதல் சில இடங்களுக்குள்ளேயே இருந்தார்கள். சாக்கோ 32 ஆகியது, இடைமறிப்பு 10, பந்துப் பறிப்பு 19. நிஜக் கால்பந்தில் அது இன்னும் சிறந்த தடுப்பணி. ஃபேன்டசியில், எடுத்தவர்கள் பருவத்தின் நடுவில் கைவிட்ட சுமை.

காரணம் சொல்லலாம்: ஃபான்ஜியோ டென்வருக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார், ஏட்ரியன் ஏமஸும் பிரைஸ் கலஹனும் வேறு அணிகளுக்குப் போனார்கள், அக்கீம் ஹிக்ஸ் முழங்கை பெயர்ந்து வெகுகாலம் ஆடவில்லை. எல்லாம் சரி. ஆனால் 27 இடைமறிப்பு என்பதே அடுத்த ஆண்டும் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாத எண். பந்துப் பறிப்புகள் ஆண்டுக்கு ஆண்டு நிலைப்பதில்லை. ஃபம்பிளில் இது இன்னும் அப்பட்டம். பந்தை நழுவச் செய்வதில் திறமை உண்டு. நழுவிய பந்து யார் மேல் விழும் என்பதில் ஏறக்குறைய இல்லை. அந்த வடிவப் பந்து தரையில் எங்கே துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. அணிகளின் ஆட்டத்தை மதிப்பிட ஏரன் ஷாட்ஸ் உருவாக்கிய டிவிஓஏ என்ற அளவீடு இதனால்தான் ஃபம்பிளை யார் கைப்பற்றினார் என்பதைத் தள்ளிவிட்டு, நழுவியதற்கு மட்டும் மதிப்புத் தருகிறது. அதில் தடுப்பணிக்குக் கழித்தல் குறி நல்லது என்பதைப் புதியவர்கள் தலைகீழாகப் படித்துவிடுவதுண்டு.

ஜாக்சன்வில் ஜாகுவார்ஸும் இதே பாதையில்தான் போனது: 2017ல் 55 சாக், 33 பந்துப் பறிப்பு, 2018ல் 37 சாக், 17 பறிப்பு.

எதிரே யார்

சாக் என்பது தடுப்பாட்டக்காரரின் சாதனையாக ஏட்டில் ஏறினாலும், அதில் பெரும்பங்கு குவார்ட்டர்பேக்குடையது. பந்தைச் சட்டென்று வீசுபவரை எவ்வளவு வேகமாகப் பாய்ந்தாலும் தொட முடியாது. நீண்ட ஆட்டத்துக்கு ஆசைப்பட்டுப் பந்தைக் கையிலேயே வைத்திருப்பவர், முன்னால் எப்பேர்ப்பட்ட காவல் வரிசை நின்றாலும் விழுவார். சியாட்டிலில் ரஸல் வில்சன் அடிக்கடி வீழ்த்தப்பட்டபோது பழியைக் காவல் வரிசை மேல் போட்டார்கள். 2022ல் அவர் டென்வருக்குப் போனார். அங்கும் 55 முறை வீழ்ந்தார், அந்த ஆண்டில் வேறெவரும் அதைத் தாண்டவில்லை. பழக்கம் ஆளோடு ஊர் மாறுகிறது. 2023ல் வாஷிங்டனின் சாம் ஹவல் 65 முறை வீழ்த்தப்பட்டார், 21 இடைமறிப்புக் கொடுத்தார். அந்தப் பருவத்தில் வாஷிங்டனை எதிர்கொள்ளும் தடுப்பணி எது என்று பார்த்து எடுத்தவர்களுக்கு மற்ற ஆராய்ச்சி பெரிதாகத் தேவைப்படவில்லை.

மேக் பேர்ஸ் சீருடையில் ஆடிய முதல் ஆட்டத்தையே கிட்டே போய்ப் பார்க்கலாம். 2018 செப்டம்பர் 9, கிரீன் பே. முதல் பாதியில் பேக்கர்ஸின் ஏரன் ராஜர்ஸ் காயப்பட்டு வெளியேற, மாற்று ஆளாக டிஷோன் கைசர் வந்தார். முந்தைய ஆண்டு கிளீவ்லாந்தில் 22 இடைமறிப்புக் கொடுத்து அந்தப் பட்டியலில் லீகின் முதலிடத்தில் இருந்தவர். மேக் அவர் கையிலிருந்தே பந்தைப் பிடுங்கிக் கைப்பற்றினார். பிறகு அவர் வீசியதை இடைமறித்து 27 யார்டு ஓடி டச்டவுன் அடித்தார். இரண்டாம் பாதியில் ராஜர்ஸ் நொண்டிக்கொண்டே திரும்பி வந்தார். 20க்கு 0 என்று முன்னிலையில் இருந்த பேர்ஸ் 24க்கு 23 என்று தோற்றது. ராஜர்ஸ் ஒரு இடைமறிப்பும் கொடுக்கவில்லை. தடுப்பணி அதேதான், மாலையும் அதேதான். எதிரே நின்ற ஆள் மட்டும் மாறினார்.

மோசமான குவார்ட்டர்பேக் மட்டுமே இரை என்பதும் இல்லை. 2019ல் டம்பா பேயின் ஜேமிஸ் வின்ஸ்டன் 5,109 யார்டு வீசி லீகில் முதலிடம் பிடித்தார். 33 டச்டவுன், கூடவே 30 இடைமறிப்பு. இத்தகையவரை எதிர்க்கும் தடுப்பணி படிக்கட்டில் புள்ளி இழக்கும், பறிப்பில் திரும்ப எடுக்கும். துணிந்தவர்களுக்கு ஏற்ற தேர்வு.

ஆட்டப் போக்கு

பந்து அதிகம் வீசப்பட்டால்தான் சாக்கும் இடைமறிப்பும் வரும். ஓர் அணி எப்போது அதிகம் வீசும்? பின்தங்கியிருக்கும்போது. எனவே தடுப்பணியின் சொந்த அணி முன்னிலை பெறுவதும் தடுப்பணிக்கு வரவுதான். இந்த இரண்டையும் ஒரே பார்வையில் காட்டுவது பந்தயச் சந்தையின் எண்கள். பணம் கட்டாதவரும் இவற்றைப் பார்க்கலாம், பார்ப்பது நல்லது. இரு அணிகளும் சேர்ந்து 38 புள்ளி எடுக்கும், ஓர் அணி 7 புள்ளியில் வெல்லும் என்று சந்தை சொன்னால், 38லிருந்து 7ஐக் கழித்துப் பாதியாக்குங்கள்: எதிரணியிடம் எதிர்பார்ப்பது 15.5. அண்மைப் பருவங்களில் ஓர் அணியின் சராசரி 22ஐ ஒட்டி இருப்பதால், இது தடுப்பணிக்கு நல்ல வாரம். 18க்குக் கீழே எதிர்பார்ப்பும் சொந்த அணிக்கு வெற்றி வாய்ப்பும் சேர்ந்து வந்தால், தடுப்பணியின் புகழைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

விதிவிலக்குகள் உண்டு. 2000ஆம் ஆண்டின் பால்டிமோர் ரேவன்ஸ் 16 ஆட்டங்களில் 165 புள்ளி மட்டுமே கொடுத்தது. நான்கு முறை எதிரணி பூஜ்யம். அதே அணியின் தாக்குதல் தரப்பு தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் ஒரு டச்டவுன்கூட அடிக்கவில்லை. அப்படியும் அந்தத் தடுப்பணி சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தது. அதுபோல் ஒன்று கையில் இருந்தால் எதிரே யார் என்று பார்க்காமல் ஆடலாம். ஒரு தலைமுறைக்கு இரண்டு மூன்றுதான் வரும்.

அட்டவணையும் ஏமாற்றும். 2019ன் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் பருவத்தின் முதல் பாதியில் மயாமியை 43க்கு 0, ஜெட்ஸை 33க்கு 0 என்று வென்றது. ஜெட்ஸ் ஆட்டத்தில் நான்கு இடைமறிப்புக் கொடுத்த ஜெட்ஸ் குவார்ட்டர்பேக் சாம் டார்னல்டு, தனக்குப் பேய்கள் தெரிகின்றன என்று களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னது மைக்கில் பதிவானது. சிறந்த தடுப்பணிதான். ஆனால் எண்களை ஊதிப் பெருக்கியதில் பலவீனமான எதிரிகளுக்கும் பங்கு உண்டு.

டச்டவுன்

தடுப்பணி அடிக்கும் டச்டவுனைக் கணிக்க முயல்வதில் பயனில்லை. கணக்கில் அதுதான் பெரிய எண் என்பது வேறு விஷயம். 2006 அக்டோபர் 16 அன்று அரிசோனாவுக்கு எதிராக இடைவேளையில் 20க்கு 0 என்று பின்தங்கியிருந்த பேர்ஸ், தாக்குதல் தரப்பு ஒரு டச்டவுனும் அடிக்காமலே 24க்கு 23 என்று வென்றது. மைக் பிரவுனும் சார்ல்ஸ் டில்மனும் ஃபம்பிளை எடுத்து ஓடினார்கள். டெவின் ஹெஸ்டர், எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து ஓடும் பண்ட் திரும்பலில் 83 யார்டு ஓடி அடித்தார். கொடுத்த புள்ளிக்குப் பூஜ்யம், மூன்று டச்டவுனுக்கு 18. ஹெஸ்டர் போன்ற திரும்பல் ஓட்டக்காரர் இருப்பது சிறு கூடுதல் மதிப்பு. 2024ல் தொடக்க உதை விதி மாறித் திரும்பல்கள் கூடியபின் அந்த மதிப்பு கொஞ்சம் உயிர் பெற்றிருக்கிறது. ஆனாலும் கடந்த ஆண்டு ஏழு டச்டவுன் அடித்த தடுப்பணியை அதற்காகவே எடுப்பது, நடந்து முடிந்ததற்கு விலை கொடுப்பதாகும்.

எப்போது எடுப்பது

என்எஃப்எல்லில் 32 அணிகள். 12 பேர் ஆடும் லீகில் ஆளுக்கொரு தடுப்பணி போனாலும் 20 மிச்சம் இருக்கும். எனவே டிராஃப்டின் கடைசி இரண்டு சுற்றுக்கு முன் தடுப்பணி எடுப்பதற்கு நியாயம் அரிது. முதல் சில வாரங்களின் அட்டவணையைப் பார்த்து எடுத்து, பின் வாரம்தோறும் எளிய எதிரி உள்ளதை மாற்றிக்கொண்டே போவது ஸ்ட்ரீமிங் எனப்படும் முறை. இதைச் சரியாகச் செய்பவர் ஒரு வாரம் முன்கூட்டியே பார்ப்பார், ஏனென்றால் அந்த வாரத்து நல்ல தேர்வைச் செவ்வாய் இரவே எல்லோரும் கேட்பார்கள். பருவத்தின் முடிவில், பெரும்பாலான லீகுகளின் நாக்அவுட் நடக்கும் 15 முதல் 17 வரையான வாரங்களுக்கு இரண்டு தடுப்பணி வைத்திருப்பதும் தகும்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு வெளியாகும் ஆடாதவர் பட்டியல். குவார்ட்டர்பேக் ஆடமாட்டார் என்பது அதற்குள் ஊரறிந்த செய்தியாகியிருக்கும். எதிரணிக் காவல் வரிசையின் இடது ஓரத்தில் நிற்கும் டாக்கிளின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்ப்பவர் குறைவு. இருந்தால், தரவரிசையின் நடுவில் வைத்திருந்த தடுப்பணியையும் துணிந்து களமிறக்கலாம்.