பழைய பிரெஞ்சு வெள்ளி ஒயின் கிண்ணம்... அசலா, போலியா? சேகரிப்பாளர்கள் கவனிப்பது இதைத்தான்!

பார்க்க சின்ன சந்தனக் கிண்ணம் மாதிரி இருக்கும். உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் பிரான்ஸின் பழம்பொருள் ஏலங்களில் இதற்கென்றே தனி ரசிகர் கூட்டம் உண்டு. பெயர் 'தாத்வேன்'. ஒயினை ருசி பார்ப்பதற்கான வெள்ளிக் கிண்ணம் இது.

எதற்காக உருவானது?

மின்விளக்கு வராத காலம். பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் ஒயின் பீப்பாய்கள் இருட்டான நிலவறைகளில்தான் இருக்கும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒயின் தெளிவாக இருக்கா, கலங்கலா இருக்கா என்று பார்க்கணும். ஆழம் குறைந்த வெள்ளிக் கிண்ணம் அந்த வெளிச்சத்தைப் பிரதிபலித்து நிறத்தைக் காட்டிவிடும். கீழே விழுந்தாலும் உடையாது, சட்டைப் பையிலும் வைத்துக்கொள்ளலாம்.

பர்கண்டி கிண்ணத்தில் ஒரு பக்கம் குமிழ்கள், மறுபக்கம் சாய்ந்த வரிகள் இருக்கும். பிடிக்க ஒரு வளையமும் கட்டைவிரல் வைக்க ஒரு தகடும் உண்டு. போர்டோ பகுதிக் கிண்ணமோ கைப்பிடி இல்லாதது. அதன் நடுப்பகுதி மேடாக எழும்பியிருக்கும்.

பழையவை ஏன் அரிது?

போர்ச் செலவுக்காக 14ஆம் லூயி மன்னர் 1689லும் 1709லும், 15ஆம் லூயி 1759லும் வெள்ளிப் பொருட்களை உருக்க வைத்தனர். அதில் தப்பியவை குறைவு. அதனால்தான் 18ஆம் நூற்றாண்டுக் கிண்ணங்களுக்கு இவ்வளவு மவுசு.

முத்திரையை எப்படிப் படிப்பது?

* புரட்சிக்கு முந்தைய கிண்ணங்களில், செய்தவரின் முத்திரையோடு கைவினைஞர் சங்க முத்திரையும் வரி முத்திரைகளும் இருக்கும்.
* 1797 சட்டத்துக்குப் பிறகு, செய்தவரின் முத்திரை சாய்சதுர வடிவில் இருக்க வேண்டும்.
* 1838 முதல் மினர்வா தேவதையின் தலை முத்திரை வந்தது. அதில் 1 என்றால் ஆயிரத்துக்கு 950 பங்கு வெள்ளி, 2 என்றால் 800 பங்கு.
* சிறிய பொருட்களில் காட்டுப்பன்றித் தலை இருந்தால் பாரிஸ், நண்டு இருந்தால் மற்ற ஊர்கள்.
* செய்தவரின் முத்திரை சதுரமாக இருந்தால் உஷார்! அது வெறும் வெள்ளி முலாம். விளிம்பு தேய்ந்த இடத்தில் செம்போ பித்தளையோ எட்டிப் பார்க்கும்.

ஏமாறுவது எங்கே?

பல கிண்ணங்களின் அடியில் பழைய நாணயம் பதித்திருப்பார்கள். நாணயத்தில் உள்ள ஆண்டுதான் கிண்ணத்தின் ஆண்டு என்று நம்பிவிடக் கூடாது. பழைய நாணயத்தைப் புதுக் கிண்ணத்திலும் பதிக்கலாம் இல்லையா? நாணயத்தில் 15ஆம் லூயி, பக்கத்திலேயே மினர்வா முத்திரை என்றால், கணக்கு சிம்பிள். கிண்ணம் 1838க்குப் பிந்தையது.

அடுத்தது கைப்பிடி. கிண்ணத்தின் மீது வாயால் ஊதினால், படியும் ஆவியில் பற்றவைத்த தடம் தெரியும். கைப்பிடி பின்னாளில் மாற்றப்பட்டதா என்பதற்கு அது ஒரு துப்பு.

பெயரை அழிக்கலாமா?

கூடவே கூடாது. கிண்ண விளிம்பில் திராட்சை விவசாயியின் பெயரும், சில நேரம் ஊர்ப் பெயரும் பொறித்திருக்கும். 'அடுத்தவர் பெயர் எதற்கு' என்று சிலர் அதைத் தேய்த்து எடுத்துவிடுவார்கள். அந்த இடத்தில் வெள்ளி மெலிந்துபோகும், விலையும் இறங்கும். அதைவிடப் பெரிய இழப்பு வேறு. எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் இடம்பெறாத ஒரு விவசாயியின் அடையாளம் அந்த ஒரு வரியில்தான் மிஞ்சியிருக்கும். தினமும் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்குவதும் இதே தவறுதான். எழுத்தும் முத்திரையும் மெல்ல மெல்லக் கரைந்துவிடும். மென்மையான துணியால் எப்போதாவது துடைத்தாலே போதும்.

இன்றைக்கு என்ன நிலை?

கண்ணாடிக் கோப்பையும் மின்விளக்கும் வந்தபின் இந்தக் கிண்ணத்துக்கு வேலை குறைந்துவிட்டது. ஆனாலும் 1934ல் பர்கண்டியில் தொடங்கிய 'செவாலியே து தாத்வேன்' என்ற ஒயின் ஆர்வலர் அமைப்பு இதையே தன் சின்னமாக வைத்திருக்கிறது. நினைவுப் பொருளாக முலாம் பூசிய கிண்ணங்களும் ஏராளமாக விற்பனையாகின்றன. ஆகவே வாங்கும் முன் கையில் ஒரு பூதக்கண்ணாடி அவசியம். முதலில் முத்திரை, அப்புறம்தான் விலை!