காற்று ஓய்ந்த பின் ஏறும் நீர்: செயிண்ட் ஜான்ஸ் ஆற்றின் ஏரிவெள்ளம்

2022 செப்டம்பர் 28 அன்று இயான் சூறாவளி புளோரிடாவின் மேற்குக் கரையில், காயோ கோஸ்டா தீவருகே, மணிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் கரையேறியது. மறுநாளே மாநிலத்தைக் குறுக்கே கடந்து அட்லாண்டிக் கடலில் இறங்கிவிட்டது. ஆனால் செயிண்ட் ஜான்ஸ் ஆற்றங்கரை ஊர்களான ஜெனீவா, சான்ஃபோர்டு, ஆஸ்டர் ஆகியவற்றில் வானம் வெளுத்த பின்னும் நாள்கணக்கில் நீர் ஏறிக்கொண்டே இருந்தது. இதைப் புயலின் எச்சம் என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். அது போதாது. இந்த வெள்ளத்துக்கென்று தனி இயல்பும் தனிக் காலக்கணக்கும் உண்டு. எச்சரிக்கையும் இழப்பீடும் காற்றின் கணக்கிலேயே நிற்பதால்தான் ஏரிக்கரை மக்கள் கைவிடப்படுகிறார்கள் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் நிலத்தின் அமைப்பு. செயிண்ட் ஜான்ஸ் வடக்கு நோக்கி ஏறத்தாழ 500 கிலோமீட்டர் ஓடும் ஆறு. தொடக்கம் முதல் முகத்துவாரம் வரை அதன் மொத்தச் சரிவு 9 மீட்டருக்கும் குறைவு. மைலுக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம். ஹார்னி, ஜெசப், மன்றோ, ஜார்ஜ் என்று அதையொட்டி வரும் ஏரிகள், நம் ஊர் ஏரிகளைப் போலக் கரை கட்டிக் கலங்கல் வைத்தவை அல்ல. பெரும்பாலும் ஆறே அகன்று ஏரியாகிறது, பிறகு ஒடுங்கி மீண்டும் ஆறாகிறது. இயானால் ஆர்லாண்டோ வட்டாரத்தில் ஓர் அடிக்கு மேல் மழை கொட்டியது. அந்த நீரில் ஒரு பங்கைச் சுமந்துவரும் ஈக்கான்லாக்ஹாட்சி துணையாறு, ஹார்னி ஏரிக்குச் சற்று மேலேதான் கலக்கிறது. ஏரி வரும் நீரை வாங்கித் தேக்கிக்கொண்டு மெல்ல மெல்லக் கீழே விடுகிறது. அதனால் உச்சம் தணிகிறது, வெள்ளம் நிற்கும் காலமோ நீள்கிறது. வடக்கே ஜாக்சன்வில் அருகில் கடலின் ஓதமும் வடகிழக்குக் காற்றும் சேர்ந்தால் வடிகாலும் அடைபடுகிறது. ஓதத்தின் தாக்கம் ஜார்ஜ் ஏரி வரைக்கும் உணரப்படுகிறது.

எனவே இங்கே சேதத்தை நிர்ணயிப்பது நீரின் வேகம் அல்ல, அது நிற்கும் நாட்கள். முழங்கால் அளவு நீர்தான் என்றாலும் ஜிப்சம் பலகைச் சுவர் அதை உறிஞ்சி மேலே ஏற்றும், பிறகு பூஞ்சை பிடிக்கும். மண் ஊறிக் கிடப்பதால் கழிவுநீர்த் தொட்டி வடியாது. தண்ணீர் நுழையாத வீட்டிலும் கழிப்பறையைப் பயன்படுத்த முடியாது. ஆறாகிவிட்ட தெருவில் ஒரு படகு வேகமாகப் போனால் அது எழுப்பும் அலையே வாசலைத் தாண்டி உள்ளே புகும். அதனால் அலை எழாதபடி மெதுவாகச் செல்ல வேண்டும் என்று படகுகளுக்குக் கட்டுப்பாடு விதித்தார்கள்.

இவை எதையும், சூறாவளிகளை வகைப்படுத்தும் சஃபிர்–சிம்ப்சன் அளவுகோல் சொல்வதில்லை. 2010 முதல் அது காற்றை மட்டுமே அளக்கிறது. 2013 முதல் 2022 வரை அமெரிக்காவில் வெப்பமண்டலப் புயல்களால் நேர்ந்த நேரடி உயிரிழப்புகளில் 57 விழுக்காடு மழைவெள்ளத்தால் என்று அந்நாட்டுச் சூறாவளி மையமே கணக்கிட்டிருக்கிறது. 2018-இல் ஃபுளோரன்ஸ் வட கரோலினாவில் வெறும் முதல் வகைச் சூறாவளியாகச் செப்டம்பர் 14 அன்று கரையேறியது. வக்காமா ஏரியில் பிறக்கும் வக்காமா ஆறு, தென் கரோலினாவின் கான்வே ஊரில் உச்சம் தொட்டது செப்டம்பர் 26 அன்று: 21.16 அடி. 2016-இல் மேத்யூ சூறாவளி தந்த 17.87 அடியை அது மூன்றடிக்கு மேல் தாண்டியது. 'முதல் வகை' என்று கேட்டு நிம்மதியடைந்தவரைக் குறை சொல்ல முடியுமா?

காப்பீட்டு விதியிலும் இந்த இடைவெளி தெரிகிறது. அமெரிக்கத் தேசிய வெள்ளக் காப்பீட்டில், வடிகால் இல்லாத மூடிய படுகை ஏரியின் நீர் தொடர்ந்து 90 நாள் வீட்டைச் சூழ்ந்திருந்தால் பொருந்தும் தனிப் பிரிவு ஒன்று உண்டு. நீண்டு நிற்கும் வெள்ளம் வேறு வகை என்பதைச் சட்டம் ஏற்கிறது என்பதற்கு இது சான்று. ஆனால் கடலில் வடியும் செயிண்ட் ஜான்ஸ் ஆற்றின் வெள்ளம், வாரக்கணக்கில் நின்றாலும், அந்தப் பிரிவுக்குள் வருவதில்லை.

மெல்ல ஏறும் வெள்ளம் தப்பிக்க நேரம் தருகிறதே என்று மறுப்பவர் உண்டு. முன்கணிப்பும் வருகிறது, தென்கிழக்கு ஆற்று முன்கணிப்பு மையம் அந்தப் பணியைச் செய்கிறது. மறுப்பில் பாதி உண்மை. உயிர் தப்பலாம், வீடு தப்பாது. முன்கணிப்பு எண் கையில் வரும்போது செய்தியாளர்களும் நிவாரண வண்டிகளும் கடற்கரையில் இருக்கிறார்கள். அடுத்த புயலும் காத்திருப்பதில்லை: 2022 நவம்பர் 10 அன்று நிக்கோல் சூறாவளி வீரோ பீச்சுக்குத் தெற்கே கரையேறியபோது, இயான் தந்த நீர் இந்தப் படுகையில் இன்னும் முழுதாக வடிந்திருக்கவில்லை.

ஆகவே ஏரிக்கரை மாவட்டங்களுக்குக் காற்றின் வகையோடு, நீர் எத்தனை நாள் நிற்கும் என்ற மதிப்பீட்டையும் சேர்த்தே அறிவிக்க வேண்டும். நிவாரணத்துக்கும் சேத ஆய்வுக்கும் உரிய கெடுவை அந்தந்த ஊரில் ஆறு உச்சம் தொட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும்.