மழலை மாறாத பிள்ளைகள்



தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆயாக் கொட்டகை தெரியாமல் இராது. 1896ஆம் ஆண்டு மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் பயிரிட்டார். அந்த நாளுக்குப் பிறகு பரவிய தோட்டங்களில், விடியுமுன் தாய் மரம் சீவப் போக, பள்ளி வயது வராத பிள்ளைகள் ஆயாவின் கண்காணிப்பில்தான் பேசக் கற்றன. "காக்கா" என்று சொல்லத் தெரியாமல் "தாத்தா" என்று சொல்லும் பிள்ளை எந்தக் கொட்டகையிலும் ஒன்றாவது இருக்கும். கேட்டவர்கள் சிரித்தார்கள். இரண்டு வயதில் அது மழலை. குழலையும் யாழையும் விட இனியது என்று வள்ளுவர் போற்றியது. அதே பிள்ளை ஆறு வயது முடிந்து முதலாம் ஆண்டில் உட்கார்ந்து அப்படியே பேசினால், அதற்கு மக்கு என்று பெயர். கடைசி பெஞ்சு என்று இடம். மழலை எங்கே முடிகிறது, குறை எங்கே தொடங்குகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

நம் பாட்டிமார் கண்ட விடை வசம்பு. சுட்டு உரைத்து நாவில் தடவினால் பேச்சுத் திருந்தும் என்று நம்பினார்கள். அன்பினால் செய்ததுதான், ஆனால் வசம்பு ஒலியைத் திருத்தும் என்பதற்குச் சான்று இல்லை. அதன் எண்ணெய் விலங்குகளுக்குக் கட்டிகளை உண்டாக்கியது கண்டு, 1968இல் அமெரிக்க அரசு அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. தேனும் அப்படியே. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாகலாம்.

மேல்நாட்டார் மட்டும் என்ன செய்தார்கள்? 1841இல் பெர்லின் நகரில் டீஃபன்பாக் என்ற பெயர்பெற்ற அறுவை மருத்துவர், திக்குவாய் உள்ளவர்களின் நாக்கையே அறுத்துப் பார்த்தார். மயக்க மருந்து வழக்கத்துக்கு வராத காலம் அது. பட்ட வேதனைதான் மிச்சம். அம்முறை விரைவிலேயே கைவிடப்பட்டது. குற்றம் நாக்கில் என்று எண்ணியதால் வந்த வினை.

இத்தனைக்கும் ஒலி எப்படிப் பிறக்கிறது என்பதை நம் தொல்காப்பியர் மிகப் பழங்காலத்திலேயே எழுதி வைத்திருந்தார். எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று ஓர் இயல். உந்தியிலிருந்து எழும் காற்று, நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வேறு வேறு எழுத்தாகிறது என்கிறார். அவர் சொன்னபடி, ககரம் நாவின் அடியும் அண்ணத்தின் அடியும் சேரப் பிறப்பது. தகரம் நா நுனி மேற்பல்லின் அடியைத் தொடப் பிறப்பது. இப்போது காக்காவுக்கு வருவோம். அந்தப் பிள்ளை நாவின் பின்புறம் செய்ய வேண்டிய வேலையை நுனியால் செய்கிறது. ஆகவே காக்கா தாத்தா ஆகிறது. கை என்பது தை ஆகும். கட்டு என்பது தட்டு ஆகும். எல்லாம் ஒரே ஒழுங்கில் நடக்கும் மாற்றம்!

இந்த ஒழுங்கைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தியது இருபதாம் நூற்றாண்டுதான். 1939இல் அமெரிக்கர் சார்லஸ் வான் ரைப்பர் எழுதிய பேச்சுத் திருத்த நூல், வாய்க்கு முன் காதைப் பழக்கு என்றது. பிள்ளை முதலில் சரியான ஒலியையும் பிழையான ஒலியையும் கேட்டுப் பிரித்தறிய வேண்டும். பிறகு தனி ஒலி, அசை, சொல், வாக்கியம் என்று படிப்படியாக ஏற வேண்டும். 1970களில் டேவிட் இங்ரம் போன்ற மொழியறிஞர்கள், ஒவ்வோர் ஒலியாக அல்ல, பிழையின் ஒழுங்கையே கண்டு திருத்தலாம் என்று காட்டினார்கள். 1982இல் ஓர் அளவுகோலும் வந்தது. பிள்ளை இயல்பாகப் பேசும்போது வரும் மெய்யொலிகளில் நூற்றுக்கு எத்தனை சரி என்று எண்ணுவது. 85க்கு மேல் என்றால் குறை இலேசானது. 50க்குக் கீழ் என்றால் கடுமையானது.

ஆனால் எண்ணுவதற்குப் பிள்ளையின் மொழி தெரிய வேண்டுமே! ஆங்கிலப் படங்களை வைத்து ழகரத்தையும் றகரத்தையும் எப்படிச் சோதிப்பது? தமிழுக்கென்று ஓர் ஒலிப்புச் சோதனை 1986இல்தான் மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு செவிப்புலன் நிலையத்தில் உருவானது. பிறப்பியலைத் தந்த மொழிக்கு இத்தனை தாமதம்!

நம் நாட்டிலோ, 1954இல் காது கேளாதோர்க்குப் பினாங்கில் பள்ளி எழுந்தது. காது கேட்டும் பேச்சுத் திருந்தாத பிள்ளை நடுவில் நின்றது. தோட்டங்களுக்குப் பள்ளி வந்தது; பேச்சுத் திருத்துபவர் வரவில்லை. மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் 1995இல்தான் இத்துறையில் பட்டப்படிப்பைத் தொடங்கியது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் பேச்சுச் சிகிச்சையாளரை மருத்துவம் சார்ந்த தொழிலர் வரிசையில் சேர்த்தது. தமிழறிந்த சிகிச்சையாளர் எல்லா ஊரிலும் இல்லை என்பது இன்றும் உள்ள குறை.

இதனால் ஒரு தவறான அறிவுரை பரவியிருக்கிறது. "பிள்ளைக்கு மொழி அதிகம், குழம்புகிறது, வீட்டில் தமிழை விட்டுவிடுங்கள்" என்பார்கள். நம்ப வேண்டாம். இரண்டு மூன்று மொழி கேட்பதால் ஒலிப்புக் குறை வருவதில்லை என்பதே ஆய்வுகள் காட்டும் முடிவு. உண்மையான குறை எல்லா மொழியிலும் தலைகாட்டும். காக்காவைத் தாத்தா என்னும் பிள்ளை, மலாயில் காக்கி என்பதையும் தாத்தி என்றே சொல்லும். தமிழில் மட்டும் தடுமாறினால், அது பழக்கக் குறைவாக இருக்கலாம். வாழைப்பழம் வாளப்பளம் ஆவதும் நோயன்று. தாயும் தகப்பனும் அப்படிப் பேசினால் பிள்ளையும் அப்படித்தான் பேசும். அது வட்டார வழக்கு. மருத்துவமனைக்குப் போக வேண்டியதில்லை.

சிகிச்சை எப்படி நடக்கும் என்று கேட்கலாம். ஒரு அட்டையில் கோடு, இன்னொன்றில் காதில் போடும் தோடு. பிள்ளை கோட்டைக் கேட்க நினைத்துத் "தோடு" என்றால், சிகிச்சையாளர் தோட்டையே எடுத்துக் கொடுப்பார். பிள்ளை விழிக்கும். தான் சொன்ன சொல்லால் வேறு பொருள் வந்துவிட்டது என்று அதற்கே அப்போது உறைக்கும். திட்டலும் இல்லை, சிரிப்பும் இல்லை. இந்த விளையாட்டை வீட்டில் தினம் பத்து நிமிடம் தாயோ அக்காவோ தொடரலாம். நாக்கை நீட்டி மடக்கும் வெறும் பயிற்சியால் ஒலி திருந்தாது. ஒலியைச் சொல்லித்தான் ஒலி பழக வேண்டும்.

முதலில் காதைப் பார்க்க வேண்டும். அடிக்கடி சீழ் வடியும் காது, மெல்லிய ஒலிகளைப் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. கேளாத ஒலியை எந்தப் பிள்ளை சொல்லும்? அண்ணப் பிளவு இருந்தால் அறுவை மருத்துவரும் வேண்டும். நான்கு வயது நிறைந்த பிள்ளையின் பேச்சு வெளியார்க்குப் பெரும்பாலும் புரியவில்லை என்றால், பள்ளி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஜாசினானாலும் அலோர் காஜாவானாலும், அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் சொல்லிப் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். போகும்போது, பிள்ளை பிழையாகச் சொல்லும் இருபது தமிழ்ச் சொற்களை, அது சொல்லும் விதத்திலேயே ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் சரியாகச் சொல்லிக் காட்ட வேண்டியவர் நீங்கள்தான்.