உருண்டையைக் கடைந்த கதை

கடைசல் எந்திரத்தில் உருளை கடைவது எளிது, கூம்பும் எளிதே. உளி நேர்க்கோட்டில் நகர்ந்தால் போதும். உருண்டைக்கோ ஒவ்வோர் இடத்திலும் உளி செல்லும் திசை மாறவேண்டும். கைவினைஞரை இது நெடுங்காலம் வாட்டியது.

ஐரோப்பாவில் பில்லியர்டு ஆட்டப் பந்துகள் யானைத் தந்தத்தில் செய்யப்பட்ட காலத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு தந்தத்தில் சில பந்துகளே தேறும். கை பிசகினால் விலையுயர்ந்த துண்டு பாழ். ஆகவே கடைசற்காரர் ஓர் உத்தியைக் கையாண்டனர். பந்தைத் தோராயமாகக் கடைந்தபின், கிண்ணம்போல் குடைந்த இரு மரப்பிடிகளுக்கிடையே அதைக் குறுக்காகத் திருப்பிப் பொருத்திச் சுழலவிடுவர். மேடு எங்கேனும் இருந்தால் சுழற்சியில் அது மங்கலான நிழல்போல் தெரியும். நிழலை மட்டும் சீவிவிட்டு, மீண்டும் திருப்பிப் பொருத்துவர். நிழல் மறையும்வரை இதே வேலை. எப்பக்கம் திருப்பினாலும் ஒன்றுபோல் தோன்றுவது உருண்டை ஒன்றே என்னும் வடிவியல் உண்மையை அவர்கள் உளிமுனையில் கண்டார்கள் எனலாம். இவ்வளவுக்குப் பின்னும் தந்தம் காய்ந்து சுருங்கிக் கோணிக்கொள்ளும்! 1863இல் அமெரிக்கப் பில்லியர்டு வணிகர் தந்தத்துக்கு மாற்றுப்பொருள் காண்பவருக்கு 10,000 டாலர் பரிசு அறிவித்தனர். ஜான் வெஸ்லி ஹையாட் என்பவரைச் செல்லுலாய்டு ஆராய்ச்சியில் இறக்கியது அதுவே.

இதற்கிடையே உளி கையைவிட்டு இரும்புப் பிடிக்கு மாறியிருந்தது. 1800ஐ ஒட்டி இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லே இதைச் செம்மைப்படுத்தினார். முதலில் கண்டவர் அவரல்லர். பிரான்சில் முன்பே இருந்தது. பின்னர், லண்டனில் அலங்காரக் கடைசல் எந்திரங்களுக்குப் பெயர்பெற்ற ஹோல்ட்சாப்பல் குடும்பத்தார், உளியை வட்டமாகச் சுழற்றும் ஏந்தி ஒன்றையும் செய்தனர். செல்வந்தரின் பொழுதுபோக்குக் கருவி அது.

எளியவர் என்ன செய்வார்? தாமே செய்துகொண்டனர். 1898இல் லண்டனில் தொடங்கிய ‘மாடல் எஞ்சினியர்’ இதழின் வாசகர்கள் வீட்டுக் கொட்டகைகளில் சிறு நீராவி எஞ்சின்களைக் கட்டியவர்கள். கைப்பிடிக் குமிழ்களுக்கு அவர்களுக்கு உருண்டைகள் தேவைப்பட்டன. ஓர் அடித்தட்டு, அதில் நிமிர்ந்த ஒரு முளை, முளையைச் சுற்றித் திரும்பும் தட்டு, தட்டின்மேல் உளி, திருப்ப ஒரு கைப்பிடி, இவ்வளவே கருவி. உளிமுனைக்கும் முளையின் அச்சுக்கும் உள்ள தூரமே பந்தின் ஆரம்.

எளிய கருவிதான், ஆனால் பொருத்துவதில் ஏமாந்தால் தொலைந்தது. முளையின் அச்சு, சுழலும் உலோகத்தின் அச்சை வெட்டியே தீரவேண்டும். உளி இருக்கும் பக்கமாக முளை சற்றுத் தள்ளியிருந்தால் பந்து ஆப்பிள்போல் முனையில் குழியும். எதிர்ப்பக்கம் தள்ளியிருந்தால் எலுமிச்சைபோல் கூரும். உளிமுனையின் உயரமும் அச்சின் மட்டத்திலேயே நிற்கவேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. பந்து ஒரு கழுத்தில் ஒட்டியிருப்பதால், அதன் நீளம் முழு விட்டமாக இராது. 20 மி.மீ. விட்டமுள்ள பந்து, 12 மி.மீ. விட்டமுள்ள கழுத்து என்போம். ஆரங்கள் 10, 6. பிதாகரஸ் தேற்றப்படி மையத்திலிருந்து கழுத்துவரை 8 மி.மீ.; பந்தின் நீளம் 10+8=18 மி.மீ. கழுத்து வெட்டைத் தொடங்கவேண்டிய இடம் அதுதான்.

கழுத்தை அறுத்தெடுத்த வடு எஞ்சும். அதை மட்டும் அரத்தாலும் எமரித் தாளாலும் கையால்தான் தேய்க்கவேண்டும்.