தொப்பிக்குள் கை விட்ட கதை: கோல்ஃப் ஹேண்டிகேப்பின் வரலாறு

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி கிண்டியில் இறங்குகிறவர்களுக்கு அங்கே இருந்த ரேஸ் கோர்ஸைத் தெரியும். குதிரைகள் ஓடும் பாதைக்கு நடுவே ஒரு கோல்ஃப் மைதானமும் இருந்தது பலருக்குத் தெரியாது. 1884-ல் தொடங்கிய மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் 18 குழி மைதானம் அது. சுற்றிலும் குதிரை, நடுவில் பந்து. இந்த இரண்டு ஆட்டத்துக்கும் பொதுவாக ஒரு சொல் உண்டு. அதுதான் ஹேண்டிகேப்.

அகராதியைப் புரட்டினால் இந்தச் சொல்லுக்கு "ஊனம்", "குறைபாடு" என்றெல்லாம் பொருள் இருக்கும். ஆனால் சொல்லின் பிறப்புக்கும் ஊனத்துக்கும் சம்பந்தமே இல்லை. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு பண்டமாற்று விளையாட்டு இருந்தது. இருவர் தங்கள் பொருட்களை மாற்றிக்கொள்ள நினைப்பார்கள். எந்தப் பொருள் எவ்வளவு மதிப்புக் கூடுதல் என்று ஒரு நடுவர் சொல்லுவார். இருவரும் ஒரு தொப்பிக்குள் கையை விட்டு எடுப்பார்கள். கையில் காசு இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து சம்மதமா இல்லையா என்று தெரியும். தொப்பிக்குள் கை, அதாவது "ஹேண்ட் இன் கேப்". நடுவர் வித்தியாசத்தைக் கணக்கிட்டுச் சமன் செய்வதுதான் இதில் முக்கியம்.

18-ஆம் நூற்றாண்டில் குதிரைப் பந்தயக்காரர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். நல்ல குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை. ஜாக்கியின் எடை போதவில்லை என்றால் சேணத்தில் ஈயத் தகடு வைப்பார்கள். பலசாலியின் முதுகில்தான் பாரம் ஏறும்! கோல்ஃப் இதைத் திருப்பிப் போட்டது. அங்கே பலசாலிக்குப் பாரம் கிடையாது, பலம் குறைந்தவருக்குச் சில அடிகள் இனாம்.

சொல் வருவதற்கு முன்பே கோல்ஃபில் அந்த யோசனை இருந்தது. எடின்பரோவில் மருத்துவம் படித்த தாமஸ் கின்கெய்ட் என்பவர் 1687-ல் எழுதிய நாட்குறிப்பில் இதைப் பற்றி யோசித்திருக்கிறார். பலம் குறைந்தவருக்குச் சலுகை கொடுத்து ஆட்டத்தைச் சமமாக்குவதா, பந்தயப் பணத்தில் வித்தியாசம் வைப்பதா என்பது அவருடைய கேள்வி. அதன் பிறகு வெகுகாலம் எல்லாம் வாய்ப்பேச்சுதான். இரண்டு குழிக்கு ஒரு அடி, மூன்று குழிக்கு ஒரு அடி என்று ஆடுபவர்களே பேரம் பேசிக்கொள்வார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிளப்புகள் கணக்கு வைக்கத் தொடங்கின. ஆனால் ஒரு கிளப்பின் 10 இன்னொரு கிளப்பில் 10 ஆக இருக்காது.

இந்தக் குழப்பத்தை முதலில் தீர்த்தவர்கள் பெண்கள். 1893-ல் பிரிட்டனில் பெண்கள் கோல்ஃப் சங்கம் உருவானது. அதன் முதல் செயலாளர் இசெட் பியர்சன். சங்கம் நடத்திய முதல் இரண்டு சாம்பியன்ஷிப்புகளிலும் இறுதி ஆட்டத்தில் தோற்றவர் அவர். கோப்பை கிடைக்கவில்லை, ஆனால் எல்லா கிளப்புகளுக்கும் பொதுவான ஹேண்டிகேப் முறையைக் கொண்டுவந்தது அவருடைய பிடிவாதம். பிரிட்டிஷ் ஆண்களுக்கு அப்படி ஒரு பொது முறை 1920-களில்தான் வந்தது. கோல்ஃப் வரலாறு பேசுகிறவர்கள் கோப்பை வென்றவர்களைச் சொல்லும் அளவுக்கு இவரைச் சொல்வதில்லை, அது நியாயமில்லை.

இப்போது இருப்பது 2020-ல் தொடங்கிய உலக ஹேண்டிகேப் முறை. கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8-ன் சராசரிதான் ஒருவருடைய எண். மைதானத்தின் கடினமும் கணக்கில் சேரும். கிண்டி போன்ற சமதரையும் ஊட்டியின் மேடு பள்ளமும் ஒன்றா? அதற்காக ஒவ்வொரு மைதானத்துக்கும் "ஸ்லோப்" என்று ஒரு எண் உண்டு. நடுத்தரம் 113. உதாரணத்துக்கு, கோர்ஸ் ரேட்டிங் 71, ஸ்லோப் 120 உள்ள மைதானத்தில் ஒருவர் 95 அடியில் முடித்தால், 95-ல் 71 போக 24. அதை 113-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால் 22.6. அன்றைய ஆட்டத்தின் மதிப்பு அவ்வளவுதான்.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஹேண்டிகேப் என்பது ஒருவருடைய சராசரி ஆட்டம் அல்ல. நன்றாக ஆடிய எட்டு நாட்களின் கணக்கு. எனவே சாதாரண நாளில் அதைவிட இரண்டு மூன்று அடி கூடுவது இயல்பு. ஆட்டத்தைத் திருத்திக்கொள்ள நினைப்பவர் பார்க்க வேண்டியது கணக்கில் சேராத அந்த 12 ஆட்டங்களைத்தான். அங்கே என்ன நடந்தது? தண்ணீரில் விழுந்த பந்தா, கிரீனில் மூன்று முறை தட்டியதா?

இன்னொரு பயனும் உண்டு. 18 ஹேண்டிகேப் உள்ளவருக்குக் குழிக்கு ஒரு அடி இனாம். நான்கு அடியில் முடிக்க வேண்டிய குழி அவருக்கு ஐந்து. மூன்றில் கிரீனை அடைந்து இரண்டில் குழிக்குள் தள்ளினால் போதும். அப்படியிருக்க, குளத்தைத் தாண்டி இரண்டாவது அடியிலேயே கிரீனை எட்ட ஏன் வீராப்பு? தன் எண்ணை மறந்து அடுத்தவர் ஆட்டத்தை ஆடுவதால்தான் பலருக்கு ஏழும் எட்டும் விழுகின்றன.

நம் தெரு விளையாட்டில் சின்னப் பிள்ளையை "ஒப்புக்குச் சப்பாணி"யாகச் சேர்ப்பார்கள். அவன் அவுட் ஆனாலும் கணக்கில்லை, ஜெயித்தாலும் கணக்கில்லை. ஹேண்டிகேப் அப்படியல்ல. அந்த எண்ணோடு ஜெயித்தால் அது நிஜமான ஜெயம். அதனால்தான் வேண்டுமென்றே மோசமாக ஆடி எண்ணைக் கூட்டி வைப்பது திருட்டுக்குச் சமமாகக் கருதப்படுகிறது.

2020-ல் உச்சவரம்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி 54 ஆனது, அதாவது குழிக்கு மூன்று அடி. நேற்று மட்டை பிடித்தவருக்கும் ஒரு எண் கிடைக்கும். ஆனால் அங்கீகாரம் பெற்ற ஏதாவது ஒரு கிளப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும். பை தூக்கியே ஆட்டம் கற்றுக்கொள்ளும் கேடிகளுக்கு அங்கேதான் கதவு அடைபடுகிறது.

கிண்டி நிலத்தை 1945-ல் ஆண்டுக்கு சுமார் 614 ரூபாய் வாடகையில் 99 வருடக் குத்தகைக்கு ரேஸ் கிளப்புக்குக் கொடுத்திருந்தார்கள். 2024 செப்டம்பரில் தமிழக அரசு அந்தக் குத்தகையை ரத்து செய்து, சுமார் 160 ஏக்கரையும் எடுத்துக்கொண்டது. அங்கே ஆடியவர்களின் எண்கள் மட்டும் அவர்களோடு நந்தனத்துக்கும் மற்ற மைதானங்களுக்கும் போகலாம், ஸ்லோப் கணக்கு அதற்குத்தானே இருக்கிறது.